கிளவுஸைக் கழற்றிவைத்த வட சென்னை வீரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒரு காலத்தில் கிளவுஸ் மாட்டி மேடை ஏறியவர்களே, செவன்ஸ் ஃபுட்பால் ஆட்டத்தில் காலைத் தேய்த்துக்கொண்டு ஓடியவர்களே, கேரம் போர்டின் முன்னால் விடிய விடிய உட்கார்ந்து பட்டம் வாங்கி வந்த அண்ணன்களே, அக்காக்களே,

இப்போது களத்தில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். களத்தை விட்டு இறங்கிய உங்களிடம் பேச யாரும் வருவதில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ வேலை கிடைத்து, ஓய்வும் பெற்று, ஷீல்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டீர்கள். அந்த அதிர்ஷ்டம் வாய்க்காதவர்கள் ஆட்டோ ஓட்டுகிறீர்கள், கன்டெய்னர் யார்டில் சரக்கு எண்ணுகிறீர்கள், சாயங்காலம் ஆனால் மாநகராட்சி மைதானத்தில் காசு வாங்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். ஏன் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2021 ஜூலை மாதத்தை நினைத்துப் பாருங்கள். 22-ஆம் தேதி, வட சென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைச் சொல்லும் 'சார்பட்டா பரம்பரை' படம் வெளியானது. தமிழ்நாடு முழுக்க, குத்துச்சண்டையைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூடப் பரம்பரைகளைப் பற்றிப் பேசினார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, 29-ஆம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவோடு மோதினார். மூன்று ரவுண்டு முடிந்தது. தான் ஜெயித்துவிட்டதாகவே மேரி கோம் நினைத்தார். முடிவு வேறு மாதிரி வந்தது: ஐந்து நடுவர்களில் மூன்று பேர் வலென்சியா பக்கம். இரண்டாவது ரவுண்டும் மூன்றாவது ரவுண்டும் மேரி கோமுக்குத்தானே, அப்புறம் எப்படித் தோற்றார் என்று வீட்டுக்கு வீடு கேள்வி. முதல் ரவுண்டு நாலுக்கு ஒன்று என்று போய்விட்டது, மற்ற இரண்டும் மூன்றுக்கு இரண்டு என்றுதான் வந்தது, ரவுண்டை எண்ணக் கூடாது, ஒவ்வொரு நடுவரின் தாளையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும் என்று எங்களுக்குத் தமிழில் சொல்ல அன்று எங்கள் வீட்டு டி.வி.யில் ஒருவரும் இல்லை. உங்களில் எத்தனை பேருக்கு அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும்! முதல் ரவுண்டு போய்க்கொண்டிருந்தபோதே, "இது ஆபத்து, இந்த ரவுண்டு போச்சு" என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். உங்கள் வீட்டுக்குள் சொல்லியும் இருப்பீர்கள். வெளியே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வெளியே கேட்காமல் போவது எப்படி என்பதை நான் பக்கத்தில் நின்றே பார்த்திருக்கிறேன். அந்தப் படம் பேச்சாக இருந்த நாட்களில் நம் பக்கத்துப் பெரியவர் ஒருவரை ஒரு சேனலின் விவாதத்துக்கு அழைத்துப்போனேன். மேடையில் பல வருடம் நின்றவர், அவரிடம் பழகிய பிள்ளைகள் மாநிலப் போட்டி வரை போயிருக்கிறார்கள். பின்னங்காலை ஊன்றி எடையை எப்படி மாற்றுவது, கை குத்துவதற்கு முன் இடுப்பு எப்படித் திரும்பிவிடுகிறது என்று அவர் எழுந்து நின்று காட்ட ஆரம்பித்தார். நடத்தியவர் இடைமறித்து, அந்தக் காலத்தில் வெட்டுக்குத்து நடக்குமாமே என்று கேட்டார். மறுபடி அதே கேள்வி வேறு வார்த்தையில் வந்தது. ஒளிபரப்பானபோது காலும் இடுப்பும் வெட்டப்பட்டிருந்தன, வெட்டுக்குத்து மட்டும் இருந்தது. அவரை இன்னொரு தடவை கூப்பிடலாமா என்று கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில், அந்தத் தமிழ் ஸ்கிரீனுக்கு ஒத்துவராது என்பது. அவர் அதைக் கேட்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. இப்போது உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அது பொய்.

களத்திலிருந்து மைக்குக்குப் போவது நடக்காத காரியம் அல்ல. சென்னையில் பிறந்த லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். ரஞ்சியில் நுழைந்தபோதே டெல்லிக்கு எதிராக 28 ரன் கொடுத்து ஏழு விக்கெட். 1983-இல் ஆன்டிகுவாவில் டெஸ்ட் தொப்பி, வயது பதினேழு. 1984-இல் மும்பை வான்கடேயில் இங்கிலாந்தைச் சுருட்டி இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறு விக்கெட். அடுத்த வருடம் மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிரான இறுதிப் போட்டியில் மியான்தத்தை ஏமாற்றி ஸ்டம்பிங் ஆக்கினார். அதற்குப் பிறகு 1986 தொடக்கத்தில் சிட்னியோடு டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது. மொத்தம் ஒன்பது டெஸ்ட், 26 விக்கெட். இருபது வயதில் டெஸ்ட்டில் கதை முடிந்துவிட்ட ஒரு பையன். உங்களில் பலருக்கு இந்த வலி எங்கே என்று நன்றாகத் தெரியும். முட்டி போன நாளோ, வேலை பார்த்தால்தான் வீடு ஓடும் என்று புரிந்த நாளோ உங்கள் ஆட்டமும் இப்படித்தான் முடிந்திருக்கும். அவர் 2000-இல், வங்கதேசம் தன் முதல் டெஸ்ட்டை டாக்காவில் இந்தியாவோடு ஆடியபோது வர்ணனையாளராக உட்கார்ந்தார். இந்தியாவுக்கு ஆடிய காலத்தைவிடப் பல மடங்கு காலம் அந்த நாற்காலியில் இருந்தார். ஒரு லெக் ஸ்பின்னர் மணிக்கட்டை எந்த நொடியில் மாற்றினார் என்று கோடிக்கணக்கானவர்கள் அவர் சொல்லித் தெரிந்துகொண்டார்கள்.

அவரே 2021-இல் ஒன்றை வெளிப்படையாகச் சொன்னார்: வாழ்நாள் முழுக்க, சொந்த நாட்டிலேயே, நிறத்தை வைத்து இழிவுபடுத்தப்பட்டேன் என்று. இந்தியாவுக்கு ஆடியவருக்கே அந்த நிலை என்றால், உப்புக் காற்றிலும் கரித்தூளிலும் வளர்ந்த நம் பிள்ளைகளின் கதி என்ன என்று நான் யோசித்தேன். நீங்களும் யோசித்திருப்பீர்கள். நிறம் ஒன்று, பேச்சு ஒன்று, முகவரி ஒன்று, மூன்றும் சேர்ந்து நம்மை வாசலிலேயே நிறுத்துகின்றன. அவர் அவ்வளவையும் தாங்கிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், அதுதான் எனக்கு முக்கியம்.

நிறைய ஆடியிருந்தால்தான் பேச முடியும் என்று நினைக்கிறீர்களா? 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழுக்கென்றே ஒரு சேனல் தொடங்கிய பிறகு அதில் நாம் தொடர்ந்து கேட்கும் குரல்களில் ஒன்று பத்ரிநாத்துடையது. அவர் ஆடியது இரண்டே டெஸ்ட். ஆனால் முதல்தரப் போட்டிகளில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல் அடித்தவர். தேசிய அணியின் கதவு திறக்கும் என்று வருடக்கணக்கில் காத்திருந்த அனுபவம் இருப்பதால்தான், அணியில் இடம் நிச்சயமில்லாத ஒரு பையன் கிரீஸில் எப்படி நிற்பான் என்று அவரால் சொல்ல முடிகிறது. தினேஷ் கார்த்திக் இன்னொரு மாதிரி. ஓய்வு பெறுவதற்கு முன்பே, 2021-இல் சௌதாம்ப்டனில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் இங்கிலாந்து சேனலுக்கு மைக் பிடித்தார். இனி இவர் அவ்வளவுதான் என்றார்கள். அடுத்த வருடமே இந்திய அணிக்குத் திரும்பி, ஆஸ்திரேலியாவில் டி20 உலகக் கோப்பையும் ஆடினார். மைக் பிடித்தால் ஆட்டக்காரன் செத்தான் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் தம்பிகளும் தங்கைகளும் வாயை மூடிக்கொள்ள வேண்டாம்.

இதெல்லாம் கிரிக்கெட், பணம் உள்ள ஆட்டம் என்பீர்கள். நியாயம். எங்கோ பனியில் ஆடும் ஐஸ் ஹாக்கிக்கு வாருங்கள். கனடாவில் ஹோவி மீக்கர் என்று ஒருவர் இருந்தார். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக ஆடியவர், 1947-இல் சிறந்த அறிமுக வீரர் விருது வாங்கியவர், அறிமுகப் பருவத்திலேயே ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டவர். பிற்பாடு டி.வி.க்கு வந்தார். குரல் கீச்சென்று இருக்கும். நல்ல குரல் வேண்டும் என்று எவராவது பிடிவாதமாக இருந்திருந்தால் அவரை உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். அவர் செய்தது இதுதான்: ஓடும் படத்தை நிறுத்தச் சொல்லி, இங்கே பார், இந்தத் தடுப்பாட்டக்காரர் எங்கே நின்றிருக்க வேண்டும், எங்கே நிற்கிறார் என்று விரல் வைத்துக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த நாடே ஆட்டத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டது. அந்தக் கீச்சுக் குரல்தான் அவருடைய அடையாளமாகவும் ஆனது.

அதே ஆட்டத்தில் பி.கே. சுப்பன். பெயர் நமக்கு நெருக்கமாகக் கேட்டாலும் அவர் பெற்றோர் கரீபியன் தீவுகளிலிருந்து கனடாவுக்குக் குடிவந்தவர்கள். வெள்ளைக்காரர்களின் ஆட்டம் என்றே எல்லோரும் நினைத்த ஒன்றில், 2013-இல் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பையை வென்றார். 2022-இல் ஓய்வு பெற்ற கையோடு ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் விளக்கவுரைக்கு உட்கார்ந்துவிட்டார். அவர் சத்தமாகச் சிரிப்பதும் பளபளப்பாக உடுத்துவதும் ஆடும் காலத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. திரைக்கு வந்தபோது அதில் எதையும் அவர் விட்டுவிட்டு வரவில்லை. அதே கனடாவில் ஐஸ் ஹாக்கிக்குப் பஞ்சாபியில் வர்ணனை 2008-லிருந்து வருகிறது. வான்கூவர் பக்கத்துப் பாட்டிமார்கள் பேரன்களோடு சேர்ந்து ஆட்டம் பார்க்கிறார்கள், தங்கள் வீட்டில் பேசும் பேச்சிலேயே.

நம் வீட்டில் பேசும் பேச்சுக்கு வருகிறேன். நம் தமிழைச் சினிமாவில் சிரிப்பு மூட்டவும் ரவுடி வேடத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதில் ஓர் ஆட்டத்தை நுட்பமாக விளக்க முடியும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் நம் தெருவில் நடக்கும் கேரம் போட்டியில் பின்னால் நின்றபடி ஒரு பெரியவர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். "காயின் கையில கீது, போட மாட்டா பாரு, அதைப் போட்டா அவளுக்கு வழி திறந்துரும்" என்பார். அப்படியே நடக்கும். எனக்குத் தெரிந்து இதைவிடத் துல்லியமான வர்ணனை கிடையாது. ஆல் இந்தியா ரேடியோவில் கூத்தபிரானும் இராமமூர்த்தியும் அப்துல் ஜப்பாரும் கிரிக்கெட்டைத் தமிழில் சொல்ல ஆரம்பித்த நாட்களில், தமிழில் கிரிக்கெட்டா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இப்போது அதைக் கேட்பார் இல்லை. நம் தமிழில் குத்துச்சண்டையா, நம் தமிழில் கேரமா என்ற கேள்விக்கும் அதே கதிதான் வரும், நீங்கள் வாயைத் திறந்தால்.

கேரமைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்கு நடக்கும் அநியாயம் அதில்தான் பளிச்சென்று தெரிகிறது. 2024 நவம்பரில் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா, பதினேழு வயது, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், அணி என்று மூன்று தங்கம் வாங்கி வந்தார். அவருக்கு முன்னால் வியாசர்பாடி இளவழகி. அவருக்கும் முன்னால் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்று, கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கிய சென்னையின் மரிய இருதயம். இவ்வளவு பேரைப் பெற்ற ஊரில், காசிமா எப்படி ஜெயித்தார் என்று எந்தச் செய்தியில் கேட்டீர்கள்? ஆட்டோவைக் கேட்டோம், வீட்டின் வறுமையைக் கேட்டோம், விமான டிக்கெட்டுக்குப் பட்ட பாட்டைக் கேட்டோம். எல்லாம் உண்மை, எல்லாம் சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் ஆட்டம் எங்கே? சிவப்புக் காயினான ரெட்டுக்கு மூன்று பாயின்ட். ஆனால் 22 பாயின்ட்டைத் தொட்டவருக்கு அதன் பிறகு ரெட் கணக்கில் சேராது. அப்படியும் அவர் ரெட்டை ஏன் துரத்துகிறார்? எதிராளிக்கு அந்த மூன்று பாயின்ட் போய்விடக் கூடாது என்பதற்காக. ரெட்டை அடுத்து ஃபாலோவாகப் போடத் தன் காயின் ஒன்று வாகாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரெட்டில் கை வைக்கிறார். இதைச் சொல்லிவிட்டால், மறுநாள் அதே போர்டைப் பார்க்கும் ஒரு சிறுமிக்கு அது வேறு ஆட்டமாகத் தெரியும். இதைச் சொல்லத் தெரிந்தவர்கள் அமெரிக்காவில் இல்லை. நம் தெருக்களில் இருக்கிறார்கள். நீங்கள்தான் அவர்கள்.

இன்னொரு காரணம் இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குப் பதற்றம் வருகிறது. ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டிய அந்தக் காலத்துப் போட்டிகளுக்குப் படச்சுருள் கிடையாது. அந்த மேடைகளின் வீரர் கித்தேரி முத்து எப்படி நின்றார், எப்படிக் குத்தினார் என்பது பார்த்தவர்கள் கேட்டவர்களுக்குச் சொல்லி வந்ததுதான். 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆர். முன்னிலையில் நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினாரே, அன்று கேலரியில் உட்கார்ந்திருந்த இளைஞர்களுக்கு இன்று அறுபத்தைந்து, எழுபது வயது. 1994-இல் பாங்காக்கில் உலகக் கோப்பை வெண்கலம் வாங்கிய சென்னை தேவராஜன் பெயரே இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அந்தப் பழைய மேடைகளைப் பார்த்த கண்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் சொல்லாமல் போனால், மிஞ்சுவது சினிமா சொன்னது மட்டும்தான். அந்தப் படத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதற்காக நம் ஞாபகம் முழுவதையும் ஒரு படம் சுமக்க முடியாது.

நம் பகுதி டி.வி.யில் எப்போது வருகிறது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது வந்தது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் நடுராத்திரியில் ஓடியபோது வந்தது. அந்தச் செய்திகள் வந்தே ஆக வேண்டும். நம் மக்களின் மூச்சு சம்பந்தப்பட்டது. ஆனால் அந்தச் செய்திகளிலும் நம் ஆட்கள் அழுதுகொண்டு அரை நிமிடம் பேசுகிறவர்கள், விளக்குகிறவர்கள் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். விளக்குகிற இடத்தில் நம் முகம் ஒன்று வழக்கமாக உட்கார வேண்டும். அது எங்கே தொடங்கினாலும் சரி, நமக்கு யாரும் மறுக்க முடியாத அறிவு இருக்கிற இடம் விளையாட்டு என்பதால் அங்கிருந்து தொடங்கலாம் என்கிறேன்.

உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியும். படிப்பு இல்லையே என்பீர்கள். விளக்கவுரை சொல்பவரிடம் யாரும் மார்க் ஷீட் கேட்பதில்லை. ஓட்டத்தை விடாமல் சொல்லிக்கொண்டே போவது ஒருவர் வேலை, அதற்குப் பழக்கம் வேண்டும், பயிற்சி வேண்டும். ஏன் அப்படி நடந்தது என்று நடுவில் இரண்டு வரி சொல்வது இன்னொருவர் வேலை. அந்த இரண்டாவது நாற்காலிதான் உலகம் முழுக்க முன்னாள் வீரர்களுடையது. சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது, அதை ரிங்கில் ஏற்கெனவே கற்றவர்கள் நீங்கள். காசு வருமா என்றால், முதலில் வராது. பொய் சொல்லி உங்களை இழுக்க எனக்கு விருப்பமில்லை. டீச் செலவும் பெட்ரோலும் உங்கள் கையிலிருந்துதான் போகும். பெருமை அடிக்கிறான் என்று தெருவில் பேசுவார்கள் என்ற கூச்சம் இருந்தால், உங்களைப் பற்றிப் பேச வேண்டாம், எதிரில் ஆடுகிற பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். உங்கள் தெருவில், உங்கள் கிளப்பில், கோயில் திருவிழாவிலோ மாதா திருநாளிலோ அடுத்த போட்டி நடக்கும்போது, மைக் செட்காரரிடம் மைக்கை விட்டுவிடாதீர்கள். நீங்கள் உட்காருங்கள். பக்கத்தில் வேகமாகப் பேசத் தெரிந்த ஒரு காலேஜ் பிள்ளையை உட்காரவையுங்கள், அவர் ஓட்டத்தைச் சொல்லட்டும், நீங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் செல்போனில் ஆட்டத்தையும் உங்கள் குரலையும் சேர்த்துப் பதிவு செய்யட்டும். வாத்தியார் இருக்கிறவர்கள் அவரிடம் போங்கள். அவர் பார்த்த மேடைகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, ரவுண்டு ரவுண்டாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சேனலிலிருந்து கூப்பிட்டால் போங்கள். போகும்போதே சொல்லிவிடுங்கள்: என் வறுமையைக் கேட்டால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வேன், ஆட்டத்தைக் கேட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன் என்று. அக்காக்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். கேரமிலும் குத்துச்சண்டையிலும் நம் பெண் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்த பிறகும் மைக் முன்னால் ஆண்களே உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் நீங்கள் வாருங்கள்.

பதிவு செய்யவும் வெட்டி ஒட்டவும் எனக்குத் தெரியும், ஒலிபரப்பு வேலையில் நான் கற்றது அதுதான். மைக்கும் ஹெட்போனும் என்னிடம் இருக்கின்றன. எந்தத் தெருவில், எந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன்.

அன்புடன்,
திருவொற்றியூரில் வளர்ந்த உங்கள் தங்கை ஒருத்தி